ஜூலை 27 விளையாட்டு வரலாற்றில்: வேலூர் மாணவர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூலை 27 அன்று நம் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அப்துல் கலாமின் நினைவு நாளைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 2015ஆம் ஆண்டு அதே நாளில், ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோது அவர் சரிந்து விழுந்து மறைந்தார். அந்த ஒரு செய்தியோடு கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' பகுதி முடிந்துவிடுவதால், அதே தேதிக்கு விளையாட்டு வரலாற்றிலும் ஒரு பெரிய இடம் உண்டு என்பதும், அதில் முதல் வரிசையில் வேலூரே இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாமல் போகிறது. பலகையில் எழுதுவதற்காகத் தகவல் தேடும் மாணவர்களும், வினாடி வினா நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜூலை 27ஆம் தேதியை வேலூர்க்காரர்கள் ஏன் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

2014ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், ஆடவர் 77 கிலோ எடைப் பிரிவுப் பளுதூக்குதலில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 22. கிளைட் ஆடிட்டோரியத்தில் நடந்த அந்தப் போட்டியில் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. வெள்ளி வென்றவரும் இந்தியரே. ரவிக்குமார் கட்டுலு 317 கிலோ தூக்கி இரண்டாம் இடம் பெற்றார். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையே 11 கிலோ வேறுபாடு இருந்தது. ஓரிரு கிலோவில் பதக்கம் கைமாறிப்போகும் இந்த விளையாட்டில் அது மிகத் தெளிவான வெற்றி.

கிளாஸ்கோவில் பளுதூக்குதலில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கங்கள் மூன்று. முதல் நாளிலேயே மகளிர் 48 கிலோ பிரிவில் சஞ்சிதா சானுவும் ஆடவர் 56 கிலோ பிரிவில் சுகேன் டேயும் வென்றிருந்தார்கள். மூன்றாவது தங்கம் சத்துவாச்சாரிக்கு வந்தது. உலகப் பட்டியல்களைப் பார்த்து எழுதும் மாணவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் தவறவிட்டுவிடுகிறார்கள். வேலூர்ப் பள்ளியின் பலகையில் முதலில் எழுத வேண்டிய வரி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

328 கிலோவை ஒரே முறையில் தூக்கினாரா?

இல்லை. பளுதூக்குதலில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது ஸ்நாட்ச், தரையில் கிடக்கும் பாரை (எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புக் கம்பியை) இடையில் எங்கும் நிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது கிளீன் அண்ட் ஜெர்க். முதலில் பாரைத் தோள் வரை ஏற்றி, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, பிறகு கால்களின் விசையால் தலைக்கு மேல் ஏற்ற வேண்டும். இரண்டிலும் தலா மூன்று வாய்ப்புகள் தரப்படும். ஒவ்வொன்றிலும் வெற்றிகரமாகத் தூக்கிய மிக அதிக எடையைக் கூட்டினால் வருவதே மொத்த எடை. சதீஷ் ஸ்நாட்ச்சில் 149 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவும் தூக்கினார். அந்த 149 கிலோ, காமன்வெல்த் போட்டிகளில் அப்பிரிவின் புதிய சாதனையாகவும் பதிவாயிற்று.

இந்த எண்கள் பாரில் எப்படி ஏறுகின்றன என்பதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் மாணவர்களுக்கு நன்றாகப் புரியும். ஆடவர் போட்டியில் பயன்படுத்தும் பாரின் எடை 20 கிலோ. தட்டுகள் நழுவாமல் இருக்க இரு முனைகளிலும் மாட்டும் காலர்கள் தலா 2.5 கிலோ. ஆக, தட்டு எதுவும் மாட்டுவதற்கு முன்பே 25 கிலோ வந்துவிடுகிறது. 149 கிலோவில் இதைக் கழித்தால் மீதி 124. ஒரு பக்கத்துக்கு 62 கிலோ. தட்டுகளில் சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10 என்று உலகம் முழுவதும் ஒரே நிற ஒழுங்குதான். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சிறிய 2 கிலோ தட்டு என்று மாட்டினால் 62 கிலோ சரியாக வரும். 179 கிலோவுக்கு ஒரு பக்கம் 77 கிலோ தேவை. மூன்று சிவப்புத் தட்டுகளும் ஒரு 2 கிலோ தட்டும். அதாவது, 77 கிலோவுக்கு மேல் உடல் எடை இருக்கக் கூடாத பிரிவில் போட்டியிட்ட ஒருவர், அதே 77 கிலோவைப் பாரின் ஒவ்வொரு முனையிலும் ஏற்றித் தலைக்கு மேல் நிறுத்திக் காட்டினார். வீட்டுக் கணக்கில் சொல்வதானால், ஆரணி அரிசியின் 25 கிலோ சிப்பங்கள் ஏழை ஒன்றாகக் கட்டித் தூக்கினாலும் 175 கிலோதான் ஆகும்.

தலைக்கு மேல் ஏறிவிட்டாலே வெற்றிதானா? நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

ஏறினால் மட்டும் போதாது. மேடையின் எதிரே மூன்று நடுவர்கள் அமர்ந்திருப்பார்கள். கைகள் முழுமையாக நீண்டு, பாதங்கள் ஒரே வரிசைக்கு வந்து, உடல் அசைவற்று நின்ற பிறகுதான் பாரை இறக்கலாம் என்ற சைகை வரும். அதற்கு முன் இறக்கினால் அந்தத் தூக்கு செல்லாது. முழங்கை மடங்கிய நிலையில் பாரைத் தாங்கி, பிறகு அழுத்தி நீட்டுவதும் பிழையே. உள்ளூர்ப் போட்டிகளில் இளம் வீரர்கள் அதிகம் தோற்பது இந்தப் பிழையால்தான். மூவரில் இருவர் வெள்ளை விளக்குக் காட்டினால் தூக்கு ஏற்கப்படும். இருவர் சிவப்புக் காட்டினால் மறுக்கப்படும்.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். பாரில் எடை ஏறிக்கொண்டே போகுமே தவிர, ஒருபோதும் குறையாது. 149 கிலோ ஏற்றிய பின் 145 கிலோ கேட்க முடியாது. ஆகவே முதல் வாய்ப்பில் எவ்வளவு கேட்பது, எதிராளி என்ன கேட்கிறார், கடைசி வாய்ப்புக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று பயிற்சியாளர் இடைவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார். மூன்று ஸ்நாட்ச் வாய்ப்புகளும் தவறினால் மொத்த எடையே கிடையாது; அதன் பிறகு எவ்வளவு தூக்கினாலும் மொத்தத்துக்கான பதக்கப் பட்டியலில் இடமில்லை. பெயரைக் கூப்பிட்ட பிறகு மேடைக்கு வந்து பாரைத் தூக்கத் தொடங்க ஒரு நிமிடமே கிடைக்கும். ஒரே வீரர் அடுத்தடுத்துத் தூக்க நேர்ந்தால் மட்டும் இரண்டு நிமிடம்.

சதீஷின் வெற்றி ஒரு முறை கிடைத்த அதிர்ஷ்டமா?

இந்தக் கேள்விக்கு 2018ஆம் ஆண்டே விடை சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த அடுத்த காமன்வெல்த் போட்டியில், ஏப்ரல் 7 அன்று, அதே 77 கிலோ பிரிவில் அவர் மீண்டும் தங்கம் வென்றார். அந்த முறை உடல் ஒத்துழைக்கவில்லை. அதற்கு முன்பு தேசிய அளவிலான போட்டியில் 194 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு முயன்றபோது தொடைத் தசையில் காயம் ஏற்பட்டிருந்தது. பதக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே தனக்கு இருக்கவில்லை என்று வெற்றிக்குப் பிறகு அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். ஸ்நாட்ச்சில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 கிலோ தூக்கி ஒரு கிலோ முன்னிலையில் இருந்தார், சதீஷ் 144. கிளீன் அண்ட் ஜெர்க்கில் சதீஷ் 173 கிலோவை ஏற்றிவிட, ஆலிவர் 171 கிலோவில் தடுமாறினார். இறுதியில் 317க்கு 312 என்ற கணக்கில் தங்கம் வேலூருக்கு வந்தது.

2014ஐவிட 11 கிலோ குறைவான எடைதான் அது. ஆயினும், முழு உடல் நலத்தோடு வென்ற முதல் தங்கத்தைவிட, காயத்தைத் தாங்கிக்கொண்டு கணக்கோடு வென்ற இரண்டாவது தங்கத்தையே பளுதூக்குதல் அறிந்தவர்கள் உயர்வாக மதிக்கக்கூடும். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் முதல் வெற்றி இல்லாமல் இரண்டாவது இல்லை. ஜூலை 27க்கு உள்ள இடம் அதனால்தான். இடையே, 2015ஆம் ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்றார்.

அவருடைய தந்தை முன்னாள் ராணுவ வீரர். தேசிய அளவில் பளுதூக்கியவர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள சத்துவாச்சாரியை நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர்களுக்கு, அதன் தெருக்களில் பளுதூக்குதல் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது தெரிய வாய்ப்பில்லை. கிரிக்கெட் மட்டையைவிட இரும்புப் பாருக்கு மதிப்புக் கொடுக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. தந்தை தூக்கியதைப் பார்த்து மகன் தூக்குவதும், அண்ணனோடு போய்த் தம்பி கற்றுக்கொள்வதும்தான் அங்குள்ள வழி.

இப்போது ஆடவர் 77 கிலோ பிரிவே பட்டியலில் இல்லையே, ஏன்?

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சர்வதேசப் பளுதூக்குதல் கூட்டமைப்பு எடைப் பிரிவுகளை மாற்றியமைத்தது. 77 கிலோ நீக்கப்பட்டு, 73, 81 என்ற பிரிவுகள் வந்தன. ஆகவே 2022 பர்மிங்காம் போட்டியின் பட்டியலில் தேடினால் 77 கிலோ கிடைக்காது. பழைய பிரிவோடு அதன் சாதனைகளும் அந்த நிலையிலேயே நின்றுவிட்டன. வினாடி வினாவில் 'தற்போதைய சாதனை' என்று கேட்காமல், '2014இல் படைத்த சாதனை' என்று கேட்பதே சரியாக இருக்கும்.

ஜூலை 27இல் நிகழ்ந்த மிகப் பெரிய ஒலிம்பிக் சாதனை எது?

என்னைக் கேட்டால், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் எமில் சாட்டோபெக் மாரத்தான் வென்றதையே சொல்வேன். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த அவர் ஜூலை 20 அன்று 10,000 மீட்டரிலும், ஜூலை 24 அன்று 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தாலே வரலாற்றில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அதற்கு முன் ஒரு முறைகூட மாரத்தான் ஓடியிராத அவர், ஜூலை 27 அன்று மாரத்தானிலும் இறங்கினார்.

போட்டியில் எல்லோரும் எதிர்பார்த்தவர் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ். ஒரு மாதத்துக்குச் சற்று முன்புதான் அவர் உலகின் மிக வேகமான மாரத்தான் நேரத்தைப் பதிவு செய்திருந்தார். ஓட்டத்தின் நடுவே சாட்டோபெக் அவருக்கு அருகில் போய், இந்த வேகம் சரிதானா என்று கேட்டதாகவும், களைத்திருந்த பீட்டர்ஸ் அதைக் காட்டிக்கொள்ளாமல் வேகம் போதாது என்று சொன்னதாகவும், அதை அப்படியே நம்பிச் சாட்டோபெக் வேகத்தைக் கூட்டிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. உரையாடலின் சொற்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன, நடந்தது மாறவில்லை. பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் பாதியில் விலகினார். சாட்டோபெக் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில் அரங்குக்குள் நுழைந்து முடித்தார். அடுத்து வந்த அர்ஜென்டினாவின் ரெய்னால்டோ கோர்னோ இரண்டரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். தொடர் ஓட்டத்தில் வென்ற ஜமைக்கா வீரர்கள் சாட்டோபெக்கைத் தோளில் தூக்கி வலம் வந்தார்கள்.

5,000, 10,000, மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மூன்றிலும் ஒலிம்பிக் சாதனை நேரம் என்பது இன்னொரு வியப்பு. எட்டே நாள்களுக்குள் 57 கிலோமீட்டருக்கு மேல் போட்டி வேகத்தில் ஓடியவர் அவர். 5,000 மீட்டரின் தகுதிச் சுற்று இந்தக் கணக்கில் சேரவில்லை.

1996இல் அட்லாண்டாவில் என்ன நடந்தது?

ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகள். ஜூலை 27 பிறந்த சிறிது நேரத்தில், நள்ளிரவு கடந்து, அட்லாண்டாவின் ஒலிம்பிக் நூற்றாண்டுப் பூங்காவில் இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த மக்களிடையே குண்டு வெடித்தது. ஒரு பெண் குண்டுவெடிப்பிலும், செய்தி சேகரிக்க ஓடிய துருக்கி ஒளிப்பதிவாளர் ஒருவர் மாரடைப்பாலும் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். போட்டிகள் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது.

அன்றிரவுதான் ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டம். தவறான தொடக்கங்கள் மூன்று நிகழ்ந்தன. அவற்றில் இரண்டுக்குக் காரணமான நடப்பு வாகையர் லின்ஃபோர்டு கிறிஸ்டி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பரபரப்புக்குப் பிறகு ஓடிய கனடாவின் டோனோவன் பெய்லி, தொடக்கத்தில் பின்தங்கியிருந்தும் 9.84 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். நமீபியாவின் ஃப்ராங்கி ஃப்ரெடெரிக்ஸ் 9.89, டிரினிடாட்டின் ஏட்டோ போல்டன் 9.90. எட்டு ஆண்டுகளுக்கு முன் சியோலில் பென் ஜான்சனின் பதக்கம் ஊக்கமருந்தால் பறிக்கப்பட்ட அவமானத்தைச் சுமந்துகொண்டிருந்த கனடாவுக்கு இந்த ஓட்டம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை மாணவர்களுக்கு விளக்கிச் சொன்னால் வெறும் எண்ணாக அது நிற்காது.

இதே தேதியில் படைக்கப்பட்டு இன்னும் முறியடிக்கப்படாத உலக சாதனை உண்டா?

உண்டு. 1993ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று ஸ்பெயினின் சலமன்கா நகரில் கியூபாவின் ஹவியர் சோட்டோமேயர் 2.45 மீட்டர் உயரம் தாண்டினார். எட்டு அடிக்குச் சற்றே அதிகம். அதற்கு முந்தைய சாதனையும் அவருடையதே. 1989இல் தாண்டிய 2.44 மீட்டர். வெளியரங்கில் எட்டு அடியைத் தாண்டிய ஒரே மனிதர் அவர்தான். காலணிகளும் பயிற்சி முறைகளும் மாறிவிட்ட இக்காலத்திலும் அந்த உயரத்தை எவரும் எட்டவில்லை.

கிரிக்கெட்டில் ஜூலை 27 என்ன?

1990, லார்ட்ஸ் மைதானம், இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். டாஸில் வென்ற அசாருதீன் இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். முதல் நாளான ஜூலை 26 முடிவில் கிரஹாம் கூச் 194 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். மறுநாள், அதாவது ஜூலை 27 அன்று, அவர் 333 வரை சென்று பிரபாகர் பந்தில் போல்டானார். இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 653 என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. கூச் 36 ஓட்டங்களில் இருந்தபோது கொடுத்த கேட்சை விக்கெட் கீப்பர் கிரண் மோரே தவறவிட்டார். அந்த ஒரு பந்துக்குப் பின் அவர் எடுத்தவை 297 ஓட்டங்கள். இரண்டாவது இன்னிங்சில் 123 எடுத்ததால் அந்த டெஸ்டில் அவருடைய மொத்தம் 456. ஒரே டெஸ்டில் ஒருவர் எடுத்த மிக அதிக ஓட்டங்கள் என்ற சாதனையாக அது நிற்கிறது.

பிறந்தநாள் கொண்டாடும் வீரர்கள் யார்?

ஆஸ்திரேலியாவின் ஆலன் பார்டர் 1955இலும், தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ் 1969இலும் ஜூலை 27 அன்று பிறந்தவர்கள். பார்டருக்கும் நம் மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்து சமனில் முடிந்த புகழ்பெற்ற டெஸ்டில் ஆஸ்திரேலிய அணித் தலைவர் அவர்தான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த நாளில் என்ன நிகழ்ந்தது?

2021 ஜூலை 27 அன்று மூன்று செய்திகள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், மகளிர் அணி இறுதிப் போட்டியில் ஒரே ஒரு தாவலுக்குப் பிறகு விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போகும் நிலை அவருக்கு ஏற்பட்டிருந்தது. தலைகீழாகச் சுழன்று இறங்கும் விளையாட்டில் அது கழுத்தை முறிக்கும் ஆபத்து. அவர் விலகியது கோழைத்தனம் என்று எழுதியவர்களும் உண்டு. உடலையும் மனத்தையும் அறிந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நம் பயிற்சிக் களங்களில் 'பரவாயில்லை, ஏறு' என்று பிள்ளைகளைத் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் இருப்பதால், இந்த நிகழ்வை நான் கட்டாயம் பட்டியலில் சேர்ப்பேன்.

அதே நாளில் இந்திய ஆடவர் ஹாக்கி அணி ஸ்பெயினை 3-0 என்று வென்றது. இரண்டு நாள்களுக்கு முன் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று நொறுங்கிப்போன அணி அது. ரூபிந்தர் பால் சிங் இரண்டு கோல்களும் சிம்ரன்ஜீத் சிங் ஒன்றும் அடித்தார்கள். அங்கிருந்து எழுந்த அணிதான் ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தது.

மூன்றாவது, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் பெர்முடாவின் ஃப்ளோரா டஃபி வென்ற தங்கம். அந்தத் தீவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். அதன் மொத்த மக்கள்தொகை நம் குடியாத்தம் நகரத்தின் மக்கள்தொகையைவிடக் குறைவு.

லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவை ஜூலை 28 அன்று பார்த்ததாக வீட்டில் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். 2012 ஒலிம்பிக்கின் தொடக்க விழா லண்டனில் ஜூலை 27 இரவு 9 மணிக்குத் தொடங்கியது. அப்போது வேலூரில் நேரம் ஜூலை 28 அதிகாலை 1.30. அட்லாண்டாவில் பெய்லி ஓடியபோதும் நமக்கு மறுநாள் விடிந்துவிட்டது. விளையாட்டு வரலாற்றில் நிகழ்வு நடந்த ஊரின் தேதியையே கொள்வது மரபு. பலகையில் எழுதும்போது அதையே பின்பற்ற வேண்டும்.

தவறான தேதியில் எழுதப்படும் நிகழ்வுகள் எவை?

லார்ட்ஸ் டெஸ்டில் பாலோ ஆனை (உடனே மீண்டும் மட்டை பிடிக்க வேண்டிய நிலையை) தவிர்க்க 24 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, எட்டி ஹெமிங்ஸின் பந்தில் கபில் தேவ் தொடர்ச்சியாக நான்கு சிக்ஸர் அடித்தது ஜூலை 30 அன்று; கூச்சின் 333உடன் சேர்த்து அதையும் 27 என்று எழுதக் கூடாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றது 2024 ஜூலை 27; வெண்கலம் வென்றது மறுநாள்.

சைக்கிள் பந்தயத்தில், 1986 ஜூலை 27 அன்று டூர் டி பிரான்ஸை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார் கிரெக் லெமாண்ட். இதைத் தாராளமாக எழுதலாம். 2003இல் இதே தேதியில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஐந்தாவது முறையாக வென்றார் என்று பழைய தொகுப்புகளில் இருக்கும். ஊக்கமருந்துப் பயன்பாட்டால் அவருடைய ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளின் வாகையர் இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. அதை வெற்றியாகப் படிப்பது பிள்ளைகளுக்குப் பொய் சொல்வதாகும்.

கலாமின் நினைவு நாளில் விளையாட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமா?

பொருத்தமே. அஞ்சலி செலுத்தி முடித்த பிறகு, இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். பத்து நிகழ்வுகளை ஒப்பிப்பதைவிட ஒன்றை மட்டும் எடுத்து, யார், எங்கே, எவ்வளவு, எப்படி என்று சொல்வது நல்லது. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று எந்தப் பகுதிப் பள்ளியாக இருந்தாலும் முதல் ஆண்டு சதீஷிலிருந்து தொடங்கலாம்; அடுத்த ஆண்டு சாட்டோபெக்குக்குப் போகலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் பிள்ளை பளுதூக்கப் போக வேண்டும் என்கிறான். வளர்ச்சி நின்றுவிடாதா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இதுவே. முறையான மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை என்பதே விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு. காயங்கள் வருவது பெரும்பாலும் அவசரத்தால். அசைவு படிவதற்கு முன் எடையைக் கூட்டுவதால். சர்வதேச அளவில் இளையோர் பிரிவே 13 வயதில்தான் தொடங்குகிறது.

நல்ல பயிற்சியாளர் முதலில் ஒரு மரக்கம்பையோ லேசான குழாயையோ கையில் கொடுத்து, உட்காரவும் எழவும் வீசவும் நீண்ட காலம் பழக்குவார். அதன் பிறகே தட்டில்லாத பார். அதிலும் சிறுவர்களுக்கென எடை குறைந்த பார்கள் உண்டு, மகளிருக்கான பார் 15 கிலோ. பாரைப் பாதியில் விட நேர்ந்தால் அதன் அடியில் சிக்காமல் எப்படி விலகுவது என்பதையும் தொடக்கத்திலேயே கற்றுத் தர வேண்டும். பயிற்சிக் கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு மாலை அங்கே போய் நின்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் பாரில் முதல் வாரத்திலேயே தட்டு ஏறுகிறதா, பயிற்சியாளர் அருகில் நின்று முழங்கையையும் முதுகையும் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். முதலாவது நடந்தால் வேறு கூடம் தேடுங்கள். இரண்டாவது நடந்தால் சேர்த்துவிடலாம்.